இரவல் காவலர்கள்

உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனம் என்ற அலகை நான் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவியரிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், நோயை வென்ற ஒருவரின் பிறபொருளெதிரியை எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் போதும்தானே? பிறகு எதற்குத் தடுப்பூசி?"

நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்: ஏற்றப்படுவது இரவல்; இரவல் நெடுநாள் கையில் நில்லாது. பரீட்சைக்கு இந்த விடை போதும். ஆனால் இரவலைத் தவிர வேறு வழியில்லாத மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உடல் சொந்தமாகப் பிறபொருளெதிரியை ஆக்காது. அவர்களுக்கு ஒரு வைரசு தொற்றினால் அது கிழமைக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் உடலில் தங்கிவிடும். என் தங்கையின் மகன் அத்தகைய குறைபாட்டுடன் பிறந்தவன். ஆகவே இந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும் ஒன்றல்ல. மாணவியரோடு பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

உடலின் இரண்டு படைகள்

முதலில் அடிப்படையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக் கொள்வோம். எமது குருதியில் உள்ள நிணநீர்க்குழியங்களில் இரண்டு வகை முக்கியமானவை. பீ நிணநீர்க்குழியங்கள் பிறபொருளெதிரி என்னும் புரதங்களைச் சுரப்பதற்குக் காரணமானவை. இப்புரதங்கள் குருதியிலும் உடற்பாய்மங்களிலும் சுற்றித் திரிந்து, வைரசு ஒரு கலத்துக்குள் நுழையுமுன் அதன் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. வாசலிலேயே மறிக்கும் காவலர்கள் என்று இவற்றைக் கொள்ளலாம்.

ரீ நிணநீர்க்குழியங்களின் வேலை வேறு. வாசலைக் கடந்து வைரசு கலத்துக்குள் புகுந்துவிட்டால், அந்தக் கலத்தையே இனங்கண்டு அழிப்பவை இவை. பீ கலங்களுக்கு உதவிச் செய்தி அனுப்பும் வேலையையும் இவற்றில் ஒரு பிரிவு செய்கிறது. இரண்டு படைகளும் சேர்ந்து உழைத்தால்தான் வைரசு முற்றாக வெளியேறும். போர் முடிந்தபின் இரு வகையிலும் ஞாபகக் கலங்கள் எஞ்சியிருக்கும். அதே வைரசு மறுபடி வந்தால் அவை விரைவாக எழும்பும்.

தடுப்பூசி இந்த ஞாபகத்தை உண்டாக்குகிறது. அது உயிர்ப்பான நிர்ப்பீடனம். வெளியிலிருந்து பிறபொருளெதிரியை ஏற்றுவது உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம். ஏற்றிய உடனேயே அது வேலை செய்யும், ஆனால் ஞாபகம் எதையும் விட்டுச் செல்லாது. சமைக்கக் கற்றுக்கொள்வதற்கும் அயல்வீட்டிலிருந்து கறி வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு என்று வகுப்பில் சொல்வேன். பசிக்கு இரண்டும் உதவும். நாளைக்கும் பசிக்குமே என்பதுதான் சிக்கல்.

முதல் இரவல் உம்மாவிடமிருந்து

இந்த இரவல் மனிதன் கண்டுபிடித்த ஒன்றல்ல. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் ஐ.ஜீ.ஜீ. வகைப் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடாகச் செல்கின்றன. பிறந்து ஏறத்தாழ முதல் ஆறு மாதங்கள் குழந்தையைப் பல தொற்றுகளிலிருந்து காப்பது தாய் கொடுத்தனுப்பிய இந்தச் சேமிப்புத்தான். குழந்தை சொந்தமாக ஆக்கத் தொடங்கும்போது இது கரைந்து போகிறது. ஐ.ஜீ.ஜீ.யின் அரைவாழ்வுக் காலம் சுமார் மூன்று கிழமை. அதாவது இன்று நூறு பங்கு இருந்தால் மூன்று கிழமையில் ஐம்பது, ஆறு கிழமையில் இருபத்தைந்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இயற்கையின் இந்த வழியை மருத்துவம் கைக்கொண்டது 1890இல். பேர்லினில் எமில் வொன் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோ சிபசபுரோவும், நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதி நீர்ப்பாயத்தை மற்றொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் காப்புப் பெறுவதைத் தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஆகிய நோய்களில் காட்டினர். மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குக் கிடைத்தது இந்த நீர்ப்பாயச் சிகிச்சைக்காகவே.

காவலரே இல்லாத உடல்

1952இல் அமெரிக்காவின் வோல்ட்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் ஒக்டன் புரூட்டன் என்ற வைத்தியர் ஒரு 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவனுக்குக் கடுமையான தொற்றுகள் மீண்டும் மீண்டும் வந்தன. மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் முறையால் அவனுடைய குருதியைப் பார்த்தபோது, பிறபொருளெதிரிகள் இருக்க வேண்டிய காமா குளோபியூலின் பகுதி வெறுமையாக இருந்தது. புரூட்டன் மற்றவர்களின் குருதியிலிருந்து பெறப்பட்ட காமா குளோபியூலினை மாதந்தோறும் ஊசி மூலம் கொடுத்தார். தொற்றுகள் அடங்கின.

இந்த நோய்க்குக் காரணமான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. அதில் பழுது இருந்தால் பீ கலங்கள் என்புமச்சையைத் தாண்டி முதிர்ச்சியடையா. ஆண்பிள்ளைக்கு ஒரேயொரு எக்ஸ் நிறமூர்த்தம் மட்டுமே உண்டென்பதால் நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிலேயே வெளிப்படுகிறது. தாய் நோயின்றிக் காவியாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் நடந்ததும் இதுவே. ஆறு மாதம் வரை மருமகன் நன்றாக இருந்தான். தாயின் இரவல் தீர்ந்ததும் காதில் சீழ், பிறகு நியூமோனியா, ஆறு மாதம் கழித்து இன்னொரு நியூமோனியா. நோய் இன்னதென்று தெரிந்தபோது அவனுக்கு இரண்டு வயது.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. நான்கு கிழமைக்கு ஒருமுறை வைத்தியசாலை வாட்டில் ஒரு நாள் முழுக்க இருந்து, சேலைன் ஏற்றுவது போல மெதுவாக இம்யூனோகுளோபியூலின் ஏற்றிக்கொள்கிறான். ஏன் நான்கு கிழமை என்பதை மேலே சொன்ன அரைவாழ்வுக் கணக்கைக் கொண்டு நீங்களே விளக்கலாம். ஆயிரக்கணக்கான கொடையாளரின் குருதித் திரவவிழையத்தை ஒன்றுசேர்த்துச் சுத்திகரித்து இந்த மருந்தை ஆக்குகிறார்கள். முகம் தெரியாத அத்தனை பேர் வென்ற நோய்களின் அனுபவம் அந்தப் போத்தலில் இருக்கிறது.

ஒரு கலியாண வீட்டில், "இது தொத்துமாமே" என்று ஒரு தாய் தன் பிள்ளையை அவன் பக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிச் சென்றார். தங்கை அன்றிரவு நெடுநேரம் அழுதாள். ஆகவே இதைத் தெளிவாக எழுதுகிறேன்: நிர்ப்பீடனக் குறைபாடு தொற்றாது. அருகிலிருப்பதால் ஆபத்து உண்டென்றால் அது அவனுக்குத்தான். எங்கள் சாதாரணத் தடிமனும் இருமலும் அவனுக்குச் சாதாரணமானவை அல்ல.

பிறவிக் குறைபாடு மட்டுமல்ல, பின்னர் வரும் குறைபாடும் உண்டு. நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் பீ கலங்களையே அழிக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அந்த உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். எங்கள் ஊர்களிலும் இத்தகையோர் இருக்கிறார்கள்.

போக மறுக்கும் வைரசு

கொவிட் காலத்தில் இந்த நோயாளரின் நிலை உலகுக்குத் தெரிய வந்தது. 2020இன் தொடக்கத்தில் மாதாந்த இம்யூனோகுளோபியூலின் அவர்களைக் கொரோனாவிலிருந்து காக்கவில்லை. காரணம் எளியது. அந்தத் திரவவிழையத்தைக் கொடுத்தவர்கள் புதிய வைரசை அதுவரை சந்திக்கவில்லை. கொடுப்பவரிடம் இல்லாததை இரவல் வாங்க முடியாது.

சுகதேகியான ஒருவரின் உடலிலிருந்து கொரோனா வைரசு பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் நீங்கிவிடும். லண்டனில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றிருந்த 59 வயதுடைய ஒருவருக்கு 2020 டிசம்பரில் தொற்று ஏற்பட்டது. காய்ச்சலும் இருமலும் ஓய்ந்தன, வைரசு ஓயவில்லை. 2022 ஜனவரி வரை, மொத்தம் 411 நாட்கள், அவர் தொற்றுடன் இருந்தார். கைஸ் அன்ட் சென்ட் தோமஸ் வைத்தியசாலையையும் கிங்ஸ் கல்லூரியையும் சேர்ந்த வைத்தியர்கள் முதலில் ஒரு கேள்வியை எழுப்பினர்: இது மறுபடி மறுபடி பிடித்த புதுத் தொற்றா, அல்லது பழையதே நீடிக்கிறதா? வைரசின் பரம்பரைத் தொடரை வாசித்தபோது விடை கிடைத்தது. அது தொற்று பரவிய ஆரம்ப காலத்துப் பழைய வகை.

அந்த விடையே சிகிச்சையையும் தீர்மானித்தது. கசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு பிறபொருளெதிரிகளைச் சேர்த்து அவருக்கு ஏற்றினார்கள். பின்னர் வந்த ஒமிக்ரோன் வகையை இந்த மருந்தால் தடுக்க முடியாது. ஆனால் அவருடைய உடலில் இருந்தது பழைய பூட்டு, பழைய திறப்பு அதற்குப் பொருந்தியது. வைரசு நீங்கியது.

இவை மொனோகுளோனல் பிறபொருளெதிரிகள். ஒரே கலத்தின் வழிவந்த கலங்கள் ஆக்குவதால், ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே இலக்கை மட்டுமே பற்றும். இதை ஆய்வுகூடத்தில் ஆக்கும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். 1984இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொடையாளரின் திரவவிழையம் பலவகைக் காவலர் கலந்த படை என்றால், இது ஒரே எதிரியை மட்டும் தேடப் பழக்கிய தனிப்படை.

வைரசும் மாறும்

எல்லாக் கதைகளும் லண்டன் கதைபோல முடியவில்லை. கேம்பிரிட்ஜில், நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சையால் பீ கலங்களை இழந்திருந்த, எழுபது வயது கடந்த ஒருவரின் வைரசை ஆராய்ச்சியாளர்கள் 101 நாட்களில் 23 தடவைகள் வாசித்தனர். வைரசைத் தடுக்கும் மருந்து மட்டும் கொடுத்த முதல் இரண்டு மாதங்களில் வைரசு பெரிதாக மாறவில்லை. நோயிலிருந்து தேறியவர்களின் திரவவிழையத்தை ஏற்றிய பிறகு, அந்தப் பிறபொருளெதிரிகளுக்குச் சற்றே தப்பக்கூடிய விகாரங்கள் முன்னுக்கு வந்தன. ஏற்றியது குறைந்தபோது அவையும் குறைந்தன, மறுபடி ஏற்றியபோது மறுபடி தோன்றின. அந்த நோயாளி பிழைக்கவில்லை. இந்த ஆய்வு 2021இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது.

இங்கே நடந்தது இயற்கைத் தேர்வு. பரிணாமம் என்ற அலகில் பல்லாயிரம் ஆண்டுகளில் நடப்பதாகப் படிப்பதை ஒரு கட்டிலில், நூறு நாட்களில் பார்க்கிறோம். வைரசு பெருகும்போதெல்லாம் பிரதி எடுப்பதில் பிழைகள் நேர்கின்றன. வைரசை முற்றாக அழிக்கப் போதாத அளவு பிறபொருளெதிரி இருந்தால், அதற்குத் தப்பும் பிரதிகளே எஞ்சிப் பெருகும். ரீ கலங்களும் நலிந்திருந்தால் கலங்களுக்குள் ஒளிந்திருப்பதைத் துப்புரவு செய்ய ஆளில்லை.

இதிலிருந்து வைத்தியர்கள் பெற்ற பாடங்கள் மூன்று. முதலாவது, வைரசின் வெவ்வேறு இடங்களைப் பற்றும் இரண்டு பிறபொருளெதிரிகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஒரே வேளையில் இரண்டுக்கும் தப்புவது வைரசுக்குக் கடினம். கசிரிவிமாபும் இம்டெவிமாபும் சோடியாக ஆக்கப்பட்டது அதனால்தான். இரண்டாவது, ஏற்றுமுன் வைரசின் தொடரை வாசித்துப் பொருந்தும் மருந்தைத் தெரிவது. மூன்றாவது, தேவைப்படும் நோயாளிக்கு வைரசுத் தடுப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது.

யாருக்குப் பயன்?

எல்லா நோயாளருக்கும் இரவல் தேவையா? இதற்குப் பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வு தெளிவான விடை தந்தது. கொவிட் நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 9785 பேர் இதில் ஆராயப்பட்டனர். சொந்தப் பிறபொருளெதிரி இல்லாதிருந்தவர்களில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 28 நாட்களுக்குள் 30 சதவீதமானோர் இறந்தனர். அதனுடன் மேற்சொன்ன சோடி மருந்தையும் பெற்றோரில் அது 24 சதவீதம். நூறு பேருக்கு ஆறு உயிர்கள் மிஞ்சின. சொந்தமாகப் பிறபொருளெதிரி ஆக்கியிருந்தவர்களுக்கோ மருந்தால் மேலதிகப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. இல்லாதவருக்குக் கொடுப்பதே பயன் தரும் என்பதை எண்களே சொல்கின்றன.

இந்தத் திறப்புகள் விரைவில் காலாவதியாகும் என்பதும் உண்மை. ஒமிக்ரோன் வந்ததும் 2022 ஜனவரியில் அமெரிக்கா இந்தச் சோடி மருந்தின் பயன்பாட்டை நிறுத்தியது. நிர்ப்பீடனம் குன்றியோரைத் தொற்றுக்கு முன்பே காக்கவென வந்த எவுஷெல்ட் என்ற மருந்துக்கும் 2023 ஜனவரியில் அதே கதி நேர்ந்தது. 2024 மார்ச்சில் பெமிவிபார்ட் என்ற இன்னொன்றுக்கு அங்கு அனுமதி வழங்கப்பட்டது. விலை உயர்ந்த இம்மருந்துகள் வறிய நாடுகளின் நோயாளருக்கு எட்டுவதும் அரிது.

இன்னொரு செய்தியும் உண்டு. வேல்ஸில் விஸ்கொட்-ஓல்ட்ரிச் என்னும் பிறவிக் குறைபாடுள்ள ஒருவருக்கு ஏழு மாதங்களுக்கு மேல் கொரோனா நீங்கவில்லை. அவருக்குத் தடுப்பூசியையே சிகிச்சையாக இரண்டு தடவை போட்டனர். அவருடைய உடல் தன் சொந்த எதிர்ப்பை எழுப்பி வைரசை வெளியேற்றியது. ஆகவே நிர்ப்பீடனக் குறைபாடு எல்லோருக்கும் ஒரே மாதிரியானது அல்ல. சிலரிடம் எழுப்பக்கூடிய படை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். எந்தப் படை இருக்கிறது, எது இல்லை என்று பரிசோதித்து அறிவதே சிகிச்சையின் முதற்படி.

இளம்பிள்ளைவாதமும் எமது நாடும்

நீடிக்கும் வைரசு கொரோனா மட்டுமல்ல. பிறபொருளெதிரி அற்றவர்களைக் குறிவைக்கும் வைரசுகளில் குடலில் வாழும் என்டெரோ வைரசுகள் முக்கியமானவை. இளம்பிள்ளைவாத வைரசு அவற்றில் ஒன்று. வாயில் விடும் சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரசு. சுகதேகிக் குழந்தையின் குடலிலிருந்து அது சில கிழமைகளில் வெளியேறிவிடும். நிர்ப்பீடனக் குறைபாடுள்ள சிலரின் குடலில் அது தங்கிப் பெருகி மாறத் தொடங்கும். பிரித்தானியாவில் ஒருவர் 28 ஆண்டுகள் அந்த வைரசை வெளியேற்றிக் கொண்டிருந்ததாக 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நாளத்தினூடாக ஏற்றும் ஐ.ஜீ.ஜீ. குடலின் உட்புறத்தைச் சரிவரச் சென்றடையாததால் அங்கு இரவல் காவலரின் கை நீளாது.

இலங்கையில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். அந்த வெற்றியைக் காக்க, பிறவி நிர்ப்பீடனக் குறைபாடுடையோரிடம் இந்த வைரசு தங்கியிருக்கிறதா என்பதைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்துள்ளது. ஒரு சிறு நோயாளர் கூட்டத்தைக் கவனிப்பது முழு நாட்டின் பாதுகாப்போடும் தொடர்புடையது என்பதற்கு இது சான்று.

பெற்றோருக்கும் மாணவியருக்கும்

பெற்றோரே, பிள்ளைக்கு அடிக்கடி தடிமன் வருவது வழமை. ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு தடவை நியூமோனியா, நான்கு தடவை அல்லது அதற்கு மேல் காதில் தொற்று, இரண்டு மாதம் நுண்ணுயிர்கொல்லி கொடுத்தும் குணமின்மை, எடை கூடாமை, குடும்பத்தில் ஏற்கெனவே நிர்ப்பீடனக் குறைபாடு ஆகியவை இருந்தால் குருதிப் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் வாய்திறந்து கேளுங்கள். எங்கள் மருமகனுக்கு இரண்டாவது நியூமோனியாவின்போது ஒரு வைத்தியர் அந்தப் பரிசோதனையை எழுதித் தந்ததால்தான் அவன் இன்று பள்ளிக்கூடம் போகிறான்.

குடும்பத்தில் இத்தகைய பிள்ளை இருந்தால், அவனுக்கும் வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடுமுன் அதை வைத்தியரிடமோ தாதியிடமோ கட்டாயம் சொல்ல வேண்டும். உயிருள்ள வைரசு கொண்ட தடுப்பு மருந்துகள் சில அவர்களுக்குப் பொருந்தா, சிலவற்றுக்கு மாற்று உண்டு. இதைக் கேட்டுச் சுகமான பிள்ளைகளின் பெற்றோர் தடுப்பூசிக்கு அஞ்சிவிடக் கூடாது. சின்னமுத்துத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு வகுப்பில் அந்த வைரசு பரவுவது கடினம். போட முடியாத ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், சுற்றியிருக்கும் பிள்ளைகளே அவனுக்கு மதில்.

மாணவியரே, காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் நாளில் வீட்டில் இருங்கள். நோயாளியைப் பார்க்கப் போவது நல்ல வழக்கம். உங்களுக்குத் தடிமன் இருந்தால் தொலைபேசியில் சுகம் விசாரிப்பதும் அந்த நல்ல வழக்கத்தில் சேரும். பதினெட்டு வயது நிறைந்து, உடல்நிலை இடங்கொடுத்தால், இரத்ததானம் பற்றி யோசியுங்கள். பிறபொருளெதிரியைத் தானே ஆக்க முடியாதவன் இன்னொருவர் கொடுத்ததில் வாழ்கிறான். அந்தக் கொடை நான்கு கிழமையில் தேய்ந்து போகும், ஆகவே அதை யாராவது தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.